குளியலும் தலைமுழுகலும்

ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் முதலீட்டாளர்கள் 'டுக் எ பாத்' என்று போட்டிருந்தால், அவர்கள் குளித்தார்கள் என்று அர்த்தமில்லை. பணத்தைப் பெருமளவில் பறிகொடுத்தார்கள் என்று அர்த்தம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாமல் போனதால் விளைந்ததைத்தான் எழுதுகிறேன்.

1992-இல் நான் பிலாஸ்பூரில் ரயில் பாதைப் பிரிவில் வேலையில் இருந்தேன். என் அக்காள் மகன் பம்பாயில் இருந்தான். அந்த ஆண்டுப் பங்குச் சந்தையை வாசகர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரி நடுவில் 2000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 30 அன்று 4000-ஐத் தாண்டியது. வங்கிப் பணம் முறைகேடாகச் சந்தைக்குள் புகுந்திருந்தது ஏப்ரலில் வெளியானது. ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 570 புள்ளிகள் சரிந்தன.

அத்தான் ஓய்வு பெற்று வாங்கிய சேமநல நிதியிலிருந்து 60,000 ரூபாயை, "தங்கை கல்யாணத்துக்குள் இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று இவன் வாங்கிப் போயிருந்தான். மே மாதம் எனக்கு ஓர் இன்லேண்டு கடிதம் வந்தது. எல்லாம் தமிழில், நடுவில் ஒரு வரி மட்டும் ஆங்கிலம்: மார்க்கெட்டில் 'ஐ டுக் எ பாத்'. அடுத்த வரி, "மாமா, அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்." சொல்லக் கூசும் விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது நம்மவர் பழக்கம்தானே!

நான் அதைத் தமிழ்க் கண்ணால் படித்தேன். ஒன்றை இனி வேண்டாம் என்று அடியோடு விட்டுவிட்டால் 'தலைமுழுகிவிட்டான்' என்கிறோம். சாவுத் தீட்டுக்குத் தலைமுழுகி உறவை முடித்துக்கொள்வதிலிருந்து வந்த பேச்சு அது. பையன் சந்தையைத் தலைமுழுகிவிட்டான், சவால் விட்டுப் பாதியில் நிறுத்தியதற்கு வெட்கப்படுகிறான் என்று எண்ணி, "நல்ல காரியம் செய்தாய்" என்று பதில் எழுதினேன்! நான் குத்திக்காட்டுவதாக நினைத்து அவன் அதன்பின் எழுதவேயில்லை. விட்டதைப் பிடிக்க வட்டிக்கு வாங்கி, அதையும் விட்டான். தை மாதம் கல்யாணத் தேதி குறித்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. என் சேமநல நிதியில் முன்பணம் எடுத்துக் கல்யாணத்தை நடத்தினோம். மே மாதமே புரிந்திருந்தால் வட்டிக் கடனாவது மிஞ்சாமல் இருந்திருக்கும்.

ஆக, தமிழில் தலைமுழுகுகிறவன் தானாக விலகுகிறவன். ஆங்கிலத்தில் 'பாத்' எடுத்தவன் அடிபட்டவன். அவன் இன்னும் சந்தையிலேயே நின்றுகொண்டிருக்கலாம். இது அமெரிக்கப் பேச்சுவழக்கு. நிஜமான குளியலுக்கும் அமெரிக்கர்கள் இதே சொற்களைத்தான் சொல்வார்கள் என்பதால், முன்பின் வாக்கியங்களைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். பணம், பங்கு, வியாபாரம் என்று பக்கத்தில் ஏதாவது இருந்தால் உஷாராகிவிடலாம்.

'சட்டையை இழந்தான்' என்றும் ஆங்கிலத்தில் உண்டு. அது இருந்ததெல்லாம் போனவனுக்கு. 'சலவைக்காரரிடம் கொண்டுபோனார்கள்' என்றால், பறித்த ஆள் ஒருவன் இருக்கிறான். நம் 'மொட்டை அடித்தான்' அதற்குப் பொருந்தும். ஆனால் 'ஹேர்கட்' மொட்டையல்ல. 2016-இல் வந்த திவால் சட்டத்துக்குப் பிறகு நம் பத்திரிகைகளில் இது அடிக்கடி வருகிறது. கொடுத்த கடன் 100 ரூபாயில் 40 வந்தால் போதும் என்று வங்கி ஒப்புக்கொண்டால், விட்டுக்கொடுத்த 60 ரூபாய்தான் ஹேர்கட். 60 போனாலும் பெயர் வெறும் முடிவெட்டு!

இந்தக் கடைசிச் சொல்லை எனக்கு விளக்கியவன் அதே அக்காள் மகன்தான். வணிகப் பக்கத்தைத் தினமும் படிக்கிறான். பங்குகளை மட்டும் தலைமுழுகிவிட்டான், தமிழ் முறைப்படி.