மனநல மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு ஒரு மருத்துவம்: விக்ரம் படேலின் ஆய்வுப் பணி

மனநலச் சிகிச்சை தேவைப்படுவோருக்கும் அதைப் பெறுவோருக்கும் இடையே இந்தியாவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வு வெளிப்படுத்தியது. கோளாறின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்டோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருந்தனர். ஆய்வாளர்கள் ‘சிகிச்சை இடைவெளி’ என்று குறிப்பிடும் இந்த நிலையை, ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், மருத்துவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் விரைவில் சரிசெய்துவிட முடியாது. அப்படியானால் வேறு யார், எந்தப் பயிற்சியுடன், எந்த நோய்க்கு, எந்த அளவுக்குச் சிகிச்சை அளிக்கலாம்? இக்கேள்விக்கு நம்பிக்கையை மட்டும் துணையாகக் கொள்ளாமல் சோதனை வழியாக விடை தேடியவர்களுள் முதன்மையானவர் விக்ரம் படேல். அவருடைய முப்பதாண்டு ஆய்வுப் பணியில் வெற்றி பெற்ற சோதனைகளைப் போலவே எதிர்பார்த்த பலன் தராத சோதனைகளும் வெளிப்படையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன; அப்பணியின் அறிவியல் மதிப்பு பெரிதும் அந்த நேர்மையில்தான் தங்கியிருக்கிறது.

ஹராரேயில் மாறிய கருத்து

1964இல் மும்பையில் பிறந்து அங்கேயே மருத்துவம் பயின்ற படேல், ரோட்ஸ் கல்வி உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்று, பின்னர் இங்கிலாந்தில் மனநல மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். 1990களின் முற்பகுதியில் ஆய்வுக்காக ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேக்குச் சென்றபோது, மனச்சோர்வு என்ற நோய்ப்பெயரே மேலைநாட்டு மருத்துவம் வகுத்துக்கொண்ட ஒரு கருத்துதானோ என்ற ஐயமும், வறுமையின் நடுவே எழும் துயரத்தை நோய் என்று அழைப்பது சரியாகுமா என்ற ஐயமும் அவருக்கு இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களையும், மரபுவழி வைத்தியர்களை நாடியவர்களையும், அந்த வைத்தியர்களையும் நேரில் கண்டு கேட்டபோது, அங்குள்ள மக்கள் தங்கள் துன்பத்தை அளவுக்கு மீறிய யோசனை என்று ஷோனா மொழியில் விவரித்தாலும், உறக்கமின்மை, அசதி, நம்பிக்கையிழப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகிய அடிப்படைக் குறிகள் மற்ற நாடுகளில் காணப்படுபவற்றோடு பெரிதும் ஒத்திருப்பதை அவர் கண்டார். நோயின் பெயர் வேறுபட்டாலும் வேதனை உண்மையானது என்ற இந்த முடிவிலிருந்து, அம்மக்களின் சொற்களையே கொண்டு 14 கேள்விகள் அடங்கிய ஷோனா அறிகுறி வினாப்பட்டியலை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். ஓர் ஊரின் துயரத்தை அளக்க வேண்டுமானால் அளவுகோலை அவ்வூரின் பேச்சிலிருந்தே எடுக்க வேண்டும் என்ற நெறி, அவருடைய பிற்கால ஆய்வுகளிலும் தொடர்ந்தது.

கோவாவில் எழுந்த கேள்விகள்

இந்தியா திரும்பிய படேல், 1996இல் கோவாவில் சக ஆர்வலர்களோடு சேர்ந்து ‘சங்காத்’ என்ற தன்னார்வ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் தொடக்ககால ஆய்வுகள், மனநலம் உடல்நலத்திலிருந்து பிரிக்க முடியாதது என்பதைக் குடும்ப வாழ்வின் நடுவிலேயே காட்டின. கோவாவில் மகப்பேறு அடைந்த பெண்களிடம் நடத்திய ஆய்வில், குழந்தை பிறந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் 23 விழுக்காட்டுத் தாய்மார்களிடம் மனச்சோர்வு காணப்பட்டது. வறுமையும் கணவனின் வன்முறையும் மட்டுமல்லாமல், ஆண் குழந்தை எதிர்பார்க்கப்பட்ட வீட்டில் பெண் குழந்தை பிறந்ததும் அதற்கான சூழலோடு பின்னிப் பிணைந்திருந்தது. மனச்சோர்வுற்ற தாய்மார்களின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடை குறைந்திருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது தெரியவந்தபோது, தாயின் மனநலம் என்பது குழந்தையின் ஊட்டம் குறித்த கேள்வியாகவும் ஆனது. வெள்ளைப்படுதல் குறித்து முறையிடும் பெண்களைப் பற்றிய மற்றோர் ஆய்வில், அம்முறையீட்டுக்கு இனப்பெருக்க உறுப்புத் தொற்றைவிட மனத்துயரோடும் குடும்ப நெருக்கடியோடும் வலுவான தொடர்பு இருந்தது. கிருமிக்கொல்லி மாத்திரைகளை எழுதித் தருவதோடு முடிந்துவிடும் மருத்துவம், அப்பெண்களில் பலருடைய உண்மையான துன்பத்தைத் தொடவேயில்லை என்பது இதன் பொருள்.

துன்பத்தை அளப்பதிலிருந்து அதைத் தீர்ப்பதற்கு நகர்ந்தபோது முதல் விடை ஏமாற்றம் அளித்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உடைய 450 பேரை, குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மனச்சோர்வு மருந்தும், இன்னொன்றுக்கு மருந்துச் சரக்கு எதுவும் இல்லாத போலி மாத்திரையும், மூன்றாவதற்கு உளவியல் சிகிச்சையும் அளித்து ஒப்பிட்ட அந்தச் சோதனை 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. இரண்டு மாத முடிவில் மருந்து போலி மாத்திரையைவிட மேம்பட்டிருந்தது. உளவியல் சிகிச்சையோ மேம்படவில்லை. இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்ட குழுவினர், பேச்சுவழிச் சிகிச்சையைக் கைவிடாமல், அதை எப்படி வடிவமைத்தால், யார் அளித்தால் பலன் தரும் என்ற அடுத்த கேள்விக்குச் சென்றனர்.

எளியவர்கள் அளித்த சிகிச்சை

‘பணிப் பகிர்வு’ என்பது, நிபுணர்கள் மட்டுமே செய்துவந்த வேலையின் ஒரு பகுதியை, முறையான பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் தந்து, நிபுணரல்லாத உள்ளூர்வாசிகளிடம் ஒப்படைக்கும் முறையாகும். அதன் பெரும் சோதனை கோவாவின் ‘மானஸ்’ ஆய்வு. 24 மருத்துவ நிலையங்களில் 2,796 நோயாளிகளை உள்ளடக்கிய இதன் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. மருத்துவப் பின்புலம் இல்லாத உள்ளூர்ப் பெண்கள் சில வாரங்கள் பயிற்சி பெற்று ஆற்றுப்படுத்துநர்களாகி, நோயை விளக்குவது, பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பது, மருந்து தேவைப்படுவோரை மருத்துவரிடம் சேர்ப்பது ஆகியவற்றை நோயின் கடுமைக்கேற்பப் படிப்படியாகச் செய்தனர். அரசு சுகாதார நிலையங்களில், இவர்களிடம் சிகிச்சை பெற்றோரில் 65.9 விழுக்காட்டினர் ஆறு மாதங்களில் நலமடைந்திருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரிடையே இது 42.5 விழுக்காடாக இருந்தது. தனியார் மருத்துவமனைகளில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதும் அதே கட்டுரையில் தெளிவாகச் சொல்லப்பட்டது.

2017இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், கடும் மனச்சோர்வு உடைய 495 பேருக்குப் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘செயலூக்கச் சிகிச்சை’ அளித்துப் பார்த்தனர். மனச்சோர்வடைந்தவர் வேலைகளிலிருந்தும் உறவுகளிலிருந்தும் ஒதுங்குகிறார். ஒதுங்குவதால் மகிழ்வு தரும் அனுபவங்கள் குறைகின்றன. அது சோர்வை மேலும் ஆழமாக்குகிறது. இந்தச் சுழலை உடைக்க, மனம் தெளிந்த பிறகு செயல்படலாம் என்று காத்திராமல், சிறுசிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்ய வைப்பதே இச்சிகிச்சையின் அடிப்படை. ஆறு முதல் எட்டு அமர்வுகளில் முடியும் இதைப் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 39 விழுக்காட்டினரும் மூன்று மாதங்களில் நோய்க்குறிகள் தணிந்த நிலையை அடைந்தனர். ஆற்றுப்படுத்துநர்கள் தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவுகளை ஒருவருக்கொருவர் கேட்டு மதிப்பெண் இட்டுக்கொண்டதன் மூலம் சிகிச்சையின் தரம் காக்கப்பட்டது. நிபுணர் எப்போதும் அருகில் இல்லாத ஊர்களில் இந்த ஏற்பாட்டுக்கு இருக்கும் பெறுமதி, சிகிச்சையின் பெறுமதிக்குக் குறைந்ததல்ல. அதே ஆண்டு வெளியான, மதுப்பழக்கத்தால் பாதிக்கப்பட்ட ஆண்களுக்கான ஆலோசனை ஆய்வில், ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காட்டினரும் பெறாதோரில் 26 விழுக்காட்டினரும் பாதிப்பு தணிந்த நிலையை அடைந்தனர் என்ற சிறிய, ஆனால் பயனுள்ள வேறுபாடே கிடைத்தது.

எல்லைகளும் எதிர்ப்புகளும்

மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில் பணிப் பகிர்வு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபும் பங்கேற்று, காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடத்திய ஆய்வு சோதித்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ஆதரவளித்தால் நோய்க்குறிகளும் இயலாமையும் குறையுமா என்று பார்த்தபோது, ஒட்டுமொத்தப் பலன் மிதமாகவே இருந்தது. தமிழகத்தின் கிராமப்புறத் தளத்தில் மட்டும் அது தெளிவாக வெளிப்பட்டது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த மற்றோர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நடத்திய திட்டம் பள்ளிச் சூழலை மேம்படுத்தி மாணவர்களின் மனச்சோர்வைக் குறைத்தது. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்தியபோது பலன் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் பணியை ஒப்படைத்துவிடலாம் என்பது பணிப் பகிர்வின் பொருளல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

படேல் முன்னின்று வளர்த்த உலகளாவிய மனநல இயக்கத்துக்குக் கடுமையான மறுப்புகளும் எழுந்தன. சமூக அநீதியால் விளையும் துயரத்துக்கு நோய்ப்பெயர் சூட்டி, மேலைநாட்டு வகைப்பாடுகளையும் மாத்திரைகளையும் ஏழை நாடுகளில் பரப்புவதாக மனநல மருத்துவர்களான டெரெக் சம்மர்ஃபீல்டு, இலங்கையில் பிறந்த சுமன் பெர்னாண்டோ போன்றோர் விமர்சித்தனர். இது புறந்தள்ளத்தக்க விமர்சனம் அல்ல. ஹராரேயில் படேலே எழுப்பிக்கொண்ட கேள்வியின் தொடர்ச்சிதான் இது. அவர் இணைத்தலைவராக இருந்து 2018இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, மனநலத்தை நோய் உண்டா இல்லையா என்ற இருமுனையாகக் காணாமல் ஒரு தொடர்நிலையாகக் காண வேண்டும் என்றும், வறுமை, வன்முறை, பாகுபாடு ஆகியவற்றைக் களைவதும் மனநலப் பணியே என்றும் வலியுறுத்தியது. ஆயினும், துயரத்தின் வேர் சமூகத்தில் இருக்கிறது என்பதற்காக, இன்று வேதனையில் இருப்பவர் சமூகம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை.

இனி செய்ய வேண்டியது

மனநல மருத்துவர் இல்லாத இடங்களில் பணிபுரிவோருக்காக 2003இல் படேல் எழுதிய கையேடு பல நாடுகளில் பயன்படுகிறது. இந்தியாவின் 2014ஆம் ஆண்டு தேசிய மனநலக் கொள்கையை வகுத்த குழுவிலும் அவர் இருந்தார். 2019இல் கெய்ர்ட்னர் உலக நலவாழ்வு விருது பெற்ற அவர், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்துகொண்டே இந்தியக் களப்பணியைத் தொடர்கிறார். மத்தியப் பிரதேசத்தில் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குச் செயலூக்கச் சிகிச்சையைத் திறன்பேசி வழியாகக் கற்பிக்கும் ஆய்வுகள் அப்பணியில் முக்கியமானவை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரண்ட சான்றுகள் இருந்தும், பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை இன்னும் கிடைப்பதில்லை. ஆஷா பணியாளர்களின் தோளில் ஏற்கெனவே உள்ள சுமையோடு இதையும் ஊதியமின்றி ஏற்றிவிட்டால், பணிப் பகிர்வு என்பது உழைப்புச் சுரண்டலாக மாறிவிடும். மேற்பார்வைக்கு நிதி ஒதுக்காமல் பயிற்சியை மட்டும் அளித்தால், ஆய்வில் கிடைத்த பலன் நடைமுறையில் கிடைக்காது. உரிய ஊதியம், தொடர்ந்த மேற்பார்வை, கடும் நோயாளியை உடனே நிபுணரிடம் சேர்க்கும் வழி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அச்சோதனைகள் பரிந்துரைக்கும் சிகிச்சை. இவற்றில் ஒன்றைக் குறைத்துவிட்டு நடத்தும் திட்டம் அந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்டும் தகுதியை இழந்துவிடுகிறது.