காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை

பெங்களூரு காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரை வாங்க வரும் எழுபது வயதுக்காரருக்கு ஆட்டோ ஹாரன் நன்றாகவே கேட்கும். கீரைக்காரம்மா சொல்லும் விலைதான் பிடிபடாது. "என்னம்மா சொன்ன?" என்பார். அந்தம்மா உரக்கச் சொன்னால், "அதுக்கு ஏன் கத்துற?" என்று கோபமும் வரும். வீட்டிலோ, "அவருக்கு வேண்டியது மட்டும் காதுல விழும்" என்று கேலி. அந்தக் கேலியில் நியாயமில்லை.

நத்தைக்கூட்டுக்குள் நடப்பது

உட்செவியிலுள்ள காக்ளியா, நத்தைக்கூடு மாதிரி சுமார் இரண்டரைச் சுற்றுச் சுருண்டது. அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிர்செல்கள். கோழிக்கு இவை அழிந்தால் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது.

வாசல் பக்கத்துச் செல்கள் கீச்சுக் குரல், விசில் போன்ற உச்ச ஒலிகளுக்கானவை. முதுமையில் முதலில் போவதும் அவைதான். உயிரோசைகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வருவதால் தப்பிவிடும். வல்லினமும் 'ச', 'ஸ' போன்றவையும் மங்கும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றாகிவிடும். பேத்தியின் மெல்லிய குரல் தாத்தாவுக்கு எட்டாததும் இதனால்தான்.

கத்துவதால் பயனில்லை. மெல்லிய ஒலியைப் பெருக்கித்தரும் செல்கள் குறைந்த காதில் சின்னச் சத்தம் விழாது. பெரிய சத்தமோ சட்டென்று நாராசமாகிவிடும். டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, நிதானமாகச் சொல்வதே உதவும்.

எல்லாம் பித்தம் அல்ல

உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உட்செவியில்தான் இருக்கிறது. அங்குள்ள நுண்ணிய கால்சியம் படிகங்கள் வயதானால் இடம்பெயர்வது சகஜம். படுக்கையில் புரளும்போது அறையே ஒரு நிமிடத்துக்குள் சுழன்று நிற்கும். நம் வீடுகளில் இதைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைத் தேடுவார்கள். மருத்துவர் தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பும் எப்லி முறையில் பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடுகிறது.

வயசானா அப்படித்தானா?

அறுபதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் செவிக்குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக இதை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதல் குறிப்பிட்டு வருகிறது. 2023-இல் வெளியான அமெரிக்காவின் அச்சீவ் ஆய்வில் 70 முதல் 84 வயதுவரை 977 பேர் பங்கேற்றனர். மொத்தமாகப் பார்த்தபோது காது மெஷினால் நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதிநோய் ஆபத்து ஏற்கெனவே அதிகமிருந்த பிரிவினரிடம் மூன்றாண்டு நினைவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைந்தது. மெஷின் விளம்பரங்கள் இதில் முதல் பாதியைச் சொல்வதில்லை!

எல்லாக் குறையும் முதுமையால் வருவதுமில்லை. வெறும் குறும்பி அடைத்திருக்கலாம். சர்க்கரை நோயோ, ஜென்டாமைசின் போன்ற மருந்தோ காரணமாகலாம். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாள் தள்ளினால் ஸ்டீராய்டு சிகிச்சையின் பலன் குறையும்.

பரிசோதனைக்குப் போகும்போது

காக்ஸ் டவுன்காரர்கள் அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. பக்கத்து லிங்கராஜபுரத்தில், ஹென்னூர் சாலையில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் உண்டு.

மெஷின் போட்டதும் பாத்திரச் சத்தம்கூட இடி மாதிரி விழும். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுபவர்கள்தான் அதிகம் புலம்புகிறார்கள். இன்னொன்று: பரிசோதனையில் சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். கன்னடமும் இங்கிலீஷும் தெரியும் என்றாலும், வீட்டில் தமிழ் பேசுபவர் அதைத் தமிழிலேயே நடத்தும்படி கேட்கலாம். பழகாத மொழியில் வரும் தடுமாற்றமும் காதின் கணக்கிலேயே ஏறிவிடும்.