சிறிய நிலநடுக்கம் ஏன் அதிகம் பேரைக் கொன்றது?

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம். லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதமே சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றல் சுமார் 500 மடங்கு. இறந்தவர்கள் 500 சொச்சம். ஏன்?

ஹைட்டியில் அதிர்வு தலைநகருக்கு அருகிலேயே, அதிக ஆழமில்லாமல் எழுந்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலோரைக் கொன்றவை வீடுகள். புயலுக்குப் பயந்து கனமான கான்கிரீட் கூரை போடுவார்கள். அதைத் தாங்கும் தூணிலோ கம்பி ஒல்லி, சிமெண்ட் குறைவு. நிலம் பக்கவாட்டில் உலுக்கியதும் தூண் முறிந்து, கூரை அப்படியே ஆட்கள்மேல் இறங்கியது. 1960-இல் 9.5 அளவு நிலநடுக்கத்தைக் கண்ட சிலி, கட்டட விதிகளைக் கடுமையாக்கி அமல்படுத்தியிருந்தது.

ஹைட்டி மக்களுக்கு விவரம் போதாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. விடுதலைக்கு விலையாக 1825-இல் பிரான்ஸ் சுமத்திய 15 கோடி பிராங்க், கடனும் வட்டியுமாக நூறாண்டுக்கு மேல் அந்நாட்டை உறிஞ்சியது. கம்பி வாங்கவும் கட்டடங்களைச் சோதிக்க ஆள் போடவும் பணம்தானே வேண்டும்?