பால் காய்ச்சுமுன் மெயின் பெட்டியைப் பாருங்கள்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகை கொடுத்துக் களைத்த தமிழ்க் குடும்பங்கள், சேமிப்பைத் திரட்டிப் பழைய வீடு வாங்குவதுண்டு. உடனே வெள்ளையடிக்கிறார்கள், மரச்சட்டத்தில் ஓடும் பழைய ஒயரைக் கவனிப்பதில்லை. அதன் ரப்பர் உறை காய்ந்து வெடித்திருக்கக்கூடும்.

அந்நாளில் விளக்குக்கும் விசிறிக்கும் 5 ஆம்பியர் போதுமானது. இன்றோ 2000 வாட் கீசர் ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது பேராபத்து. பிறகு ஃபியூஸ் போகாது, ஒயர்தான் எரியும்.

குடியேறுமுன் உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து, மெக்கர் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். கீசருக்குத் தனி ஒயர், நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை அவசியம். வெள்ளையடிப்பதை அடுத்த போனசுக்குத் தள்ளிவைக்கலாம், இதைத் தள்ளிவைக்கலாகாது.