உரத்துப் பேசும் எழுத்து

எழுத்துக்குக் குரல் உண்டா? காதுக்குக் கேட்கும் குரல் இல்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியும் குரல் உண்டு. செய்தித்தாளின் முதல் பக்கத் தலைப்பு நம்மைக் கூவி அழைக்கிறது. அதன் கீழே உள்ள செய்தி மெல்லப் பேசுகிறது. இந்த இரண்டு குரல்களும் தாமாக அமைந்தவை அல்ல. எழுத்தை வடிவமைப்பவர்கள் சிந்தித்து அமைத்தவை. அப்படி உருவான ஓர் ஆங்கில அச்செழுத்தைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம். அதன் பெயர் ஃபியூச்சுரா. எதிர்காலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் அது.

இதைப் படைத்தவர் பால் ரென்னர் என்ற ஜெர்மானியர். 1878இல் பிறந்தவர். ஓவியர்; நூல் வடிவமைப்பாளர். அவர் காலத்தில் ஜெர்மனியில் பல நூல்களும் செய்தித்தாள்களும் முறிந்து வளைந்த பழைய கையெழுத்துப் பாணியில் அச்சாயின. இயந்திர யுகத்துக்குத் தெளிவான, அலங்காரமற்ற எழுத்து வேண்டும் என்று ரென்னர் எண்ணினார். 1924இல் வரையத் தொடங்கினார். 1927இல் பிராங்பர்ட் நகரின் பௌவர் அச்செழுத்து வார்ப்பகம் அதை ஈய எழுத்தாக வார்த்து வெளியிட்டது.

ஃபியூச்சுராவின் அடிப்படை மிக எளியது: வட்டம், முக்கோணம், சதுரம். ‘ஓ’ என்னும் எழுத்து வட்டம்; ‘ஏ’ முக்கோணம். எழுத்தின் முனைகளில் வால் இல்லை, கொக்கி இல்லை. “கவராயமும் அடிமட்டமும் இருந்தால் நாமே வரைந்துவிடலாமே!” என்று தோன்றும். அங்கேதான் நுட்பம் மறைந்திருக்கிறது.

வீட்டில் பிள்ளைகளை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு தாளில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சதுரம் வரையட்டும். பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு வட்டம் வரையட்டும். அளவு ஒன்றுதான். ஆனால், வட்டம் சிறியதாகத் தோன்றும். அதுபோலவே, ஒரே பருமனுள்ள இரண்டு பட்டைகளில் படுத்திருப்பது, நிற்பதைவிடத் தடிமனாகத் தோன்றும். அடிமட்டம் ஒன்று சொல்கிறது; கண் வேறொன்று சொல்கிறது.

ஃபியூச்சுராவில் கண்ணின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு. ‘ஓ’ எழுத்து, மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் ஒரு மயிரிழை தாண்டி நிற்கும். படுக்கைக் கோடுகள், நிற்கும் கோடுகளைவிடச் சற்று மெல்லியவை. வளைவு வந்து நேர்கோட்டைத் தொடும் இடத்தில் இளைத்திருக்கும். இல்லாவிட்டால் அங்கே கறுப்பு திரண்டு மறுவைப் போலத் தெரியும். எழுத்து தடிக்கத் தடிக்க இந்தத் திருத்தங்களும் கூடுதலாகத் தேவைப்படும். பார்வைக்கு எளிமையாக இருப்பதற்குப் பின்னால் எத்தனை உழைப்பு!

ரென்னரின் வாழ்க்கை எளிமையாக அமையவில்லை. 1932இல் நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதினார். மறு ஆண்டு அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கைது செய்யப்பட்டார். மியூனிக் அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பதவியையும் இழந்தார். ஆனால், அவர் படைத்த எழுத்து உலகெங்கும் பரவியது. 1959இல் அமெரிக்காவில் வெளிவந்த வோக்ஸ்வாகன் கார் விளம்பரங்களின் தலைப்பில் அது நின்றது. பார்பரா குரூகர் என்ற அமெரிக்கக் கலைஞர், தடித்துச் சாய்ந்த ஃபியூச்சுராவில் தம் கண்டனச் சொற்களைப் புகைப்படங்கள் மேல் பொறித்தார். 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவில் விட்டு வந்த உலோகத் தகட்டின் வாசகமும் ஃபியூச்சுராதான். ஆனால், அங்கே தடித்த வடிவம் இல்லை; மெல்லிய, அமைதியான வடிவம்.

தடித்த எழுத்துக்கு உரிய இடம் எது? தூரத்தில் இருப்பவரை நிறுத்த வேண்டிய இடம். பெயர்ப் பலகை, சுவரொட்டி, தலைப்பு, எச்சரிக்கை. அதையே பொடியாக அச்சிட்டால் எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபட்டு, எல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். நீண்ட செய்திக்கு அது உதவாது. திருவிழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ அறிவிப்புப் பலகை எழுதும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எது, எங்கே, எப்போது என்ற சில சொற்களை மட்டும் தடிப்பாக எழுதுங்கள். எல்லாச் சொல்லும் கூவினால் எந்தச் சொல்லும் கேட்காது.

படிப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தவணை முறையில் பொருள் விற்கும் விளம்பரத்தில் மாதத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். மொத்தத் தொகையும் நிபந்தனையும் பொடி எழுத்தில் இருக்கும். களைக்கொல்லிப் போத்தலில் ‘நஞ்சு’ என்ற எச்சரிக்கை பெரிதாக இருக்கும். எதை அணிந்து தெளிப்பது, உடலில் பட்டால் என்ன செய்வது என்ற விவரம் சிறிதாக இருக்கும். பெரிய எழுத்து நம்மை நிறுத்துகிறது. காப்பாற்றுவது பெரும்பாலும் சிறிய எழுத்து. பார்வை மங்கிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளை அதை உரக்கப் படித்துக் காட்டட்டும். போத்தலைத் திறப்பதற்கு முன்பும், பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பும் அந்தக் குரல் வீட்டில் கேட்க வேண்டும்.