ஒரு கைப்பிடி புளியங்கொட்டை! செல்போனில் சிக்கிய பிள்ளைகளை மீட்க ஒரு வழி

வீட்டில் நாலு பேர். நாலு பேர் கையிலும் செல்போன். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. தட்டில் சோறு ஆறிக் கிடக்கிறது.

இது யார் வீட்டுக் கதை என்று கேட்காதீர்கள். அடுத்த வீட்டுக் கதையாக இருக்கலாம்; நம் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம்.

முன்பெல்லாம் குழந்தைக்குச் சோறு ஊட்டும் தாய், நிலாவைக் காட்டுவாள், காக்காயைக் காட்டுவாள், தெருவில் போகும் ஆட்டுக்குட்டியைக் காட்டுவாள். இப்போது செல்போனைக் காட்டுகிறாள். குழந்தை வாயைத் திறக்கிறது, விழுங்குகிறது. தின்றது பருப்பா, ரசமா என்று அதற்குத் தெரியாது.

பத்து வயதுப் பையனிடம், "போதும், போனை வை" என்று சொல்லிப் பாருங்கள். "இதோ, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்!" என்பான். அந்த ஒரு ஆட்டம் முடிவதே இல்லை.

ஏன் முடிவதில்லை? பையன் கெட்டவனா? இல்லை. முடியாதபடிதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்!

முடிவே இல்லாத ஆட்டம்

சினிமாவுக்குப் போனால், கடைசியில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். எழுந்து வீட்டுக்கு வருவோம். பத்திரிகை படித்தால் கடைசிப் பக்கம் வந்துவிடும். மடித்து வைப்போம்.

செல்போனுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. விரலால் தள்ளத் தள்ள, அடுத்த படம் வந்துகொண்டே இருக்கும். ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கிவிடும். சும்மா வைத்திருந்தாலும் மணி அடித்துக் கூப்பிடும்.

இதில் ஒரு வியாபாரம் இருக்கிறது. பெரும்பாலான படங்களைப் பார்க்க நம்மிடம் காசு கேட்பதில்லை. அவற்றின் நடுவே வரும் விளம்பரத்திலிருந்துதான் கம்பெனிக்குப் பணம். எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ, அவ்வளவு விளம்பரம், அவ்வளவு லாபம். ஆகவே, "போதும், போய்த் தூங்கு" என்று எந்தக் கம்பெனி சொல்லும்?

பிள்ளையின் நேரம்தான் அங்கே விலை போகிறது.

அந்தியே மணி அடித்தது

பழைய விளையாட்டுகளை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு இருந்தது.

கிட்டிப்புள் ஆடினார்கள். இருட்டியதும் புள் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்தது. பட்டம் விட்டார்கள். நூல் அறுந்தது; ஆட்டம் முடிந்தது. கோலி ஆடினார்கள். கையில் இருந்த கோலியெல்லாம் தோற்றுப்போனால், கால்சட்டைப் பையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

காலமும் கணக்குப் பார்த்தது. பம்பரத்துக்கு ஒரு காலம். கோலிக்கு ஒரு காலம். ஆடிக் காற்று வந்தால் பட்டம். நுங்கு வந்தால் நுங்கு வண்டி. ஒன்று சலிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

விளையாட்டு பிள்ளையைப் பிடித்துக் கட்டவில்லை. விளையாடிய களைப்பில் பசித்தது, பசித்துத் தின்றது, தின்றதும் தூங்கியது.

காசில்லாத பொம்மைக் கடை

அந்த விளையாட்டுச் சாமான்களுக்குக் கடை எங்கே இருந்தது? கொல்லையிலும் குப்பைமேட்டிலும்!

நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் பனங்காய் இரண்டு. அவற்றை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகினால் சக்கரம் ஆயிற்று. கவட்டை உள்ள நீளக் கழியை நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்.

பனை ஓலையை நறுக்கிக் குறுக்கே வைத்து, கருவேல முள்ளால் குத்தினால் காற்றாடி. பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதினால் பீப்பீ. குளத்துக் களிமண்ணைப் பிசைந்தால் மாடு, வண்டி, அம்மி, குழவி.

டெலிபோன்கூடச் செய்தார்கள்! காலியான தீப்பெட்டி இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு துளை. நடுவில் நீளமான நூல். நூல் நழுவாமல் இருக்க, உள்ளே ஒரு தீக்குச்சித் துண்டு. ஒருவன் பெட்டியை வாயில் வைத்துப் பேசுவான். மற்றவன் காதில் வைத்துக் கேட்பான்.

நூல் தொய்ந்திருந்தால் ஒன்றும் கேட்காது. இருவரும் இழுத்துப் பிடித்தால்தான் கேட்கும். குரலின் அதிர்ச்சி பெட்டியில் பட்டு, விறைப்பான நூல் வழியாக ஓடி, மறுபெட்டியை அதிர வைக்கிறது. ஒலி எப்படிப் போகிறது என்ற பாடத்தை, புத்தகம் திறக்கும் முன்பே பிள்ளை கையால் படித்துவிட்டது.

இன்று பிள்ளையின் கையில் இருப்பது, திருகாணி கழன்றால்கூட நம்மால் மாட்ட முடியாத ஒரு பெட்டி.

மண்ணுக்கு அடியில் சில்லு

இந்த விளையாட்டுகள் நேற்று வந்தவை அல்ல. சிவகங்கை மாவட்டம் கீழடியில் மண்ணைத் தோண்டியபோது, பானையும் மணியும் மட்டும் கிடைக்கவில்லை. பகடைக் காய்கள் கிடைத்தன. பானை ஓட்டை உடைத்து வட்டமாகத் தேய்த்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பாண்டி ஆடும் பெண் பிள்ளைகள் கட்டத்துக்குள் எறிகிறார்களே, அதே மாதிரிச் சில்லு! 2,000 ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஓட்டைத் தேய்த்திருக்கிறது.

பட்டினப்பாலையில் சிறுவர்கள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. பெண்கள் ஆடும் கழங்கைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. பிள்ளைத்தமிழ் என்று ஒரு நூல்வகை உண்டு. அதில் ஆண் குழந்தையின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பிள்ளை எப்படி வளர்கிறது என்பதையே விளையாட்டை வைத்துக் கணக்கிட்டார்கள் நம் புலவர்கள்.

இத்தனை காலம் இவை எப்படிப் பிழைத்தன? பள்ளியில் யாரும் பாடம் நடத்தவில்லை. பெரிய பிள்ளை ஆடியது. சின்னப் பிள்ளை பார்த்தது. பாட்டி ஆடினாள், பேத்தி கற்றாள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால், ஆட்டமே போய்விடும். இன்று பாட்டிக்குத் தெரிகிறது, பேத்திக்குத் தெரியவில்லை. கண்ணி அறுகிற இடம் நம் வீட்டுக் கூடம்தான்.

70 கொட்டையில் ஒரு கணக்குப் பள்ளிக்கூடம்

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பலகை இல்லையா? தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டால் போதும். ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 புளியங்கொட்டை; மொத்தம் 70. ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறும்.

உங்கள் பக்கத்தில் ஒரு குழியில் உள்ளதை எல்லாம் எடுங்கள். அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றி வாருங்கள். கையில் தீர்ந்ததும், அடுத்த குழியில் உள்ளதை எடுத்துத் தொடருங்கள். அந்தக் குழி காலியாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் உள்ளது உங்களுக்கு! பிறகு எதிரில் இருப்பவர் ஆட வேண்டும். நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் 'பசு'. குழி யாருடையதோ, அவர் பசுவை எடுத்துக்கொள்ளலாம்.

பார்க்க எளிது. ஆனால், 'இந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும்?' என்று முன்கூட்டியே எண்ண வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை விரல் விடாமல் மனத்துக்குள் எண்ணும்.

தோற்றவர் கதை என்ன? அடுத்த ஆட்டத்தில் தம்மிடம் மிஞ்சிய கொட்டையை வைத்து, நிரம்புகிற குழிகளை மட்டும் நிரப்பிக்கொண்டு ஆட வேண்டும். மற்றக் குழிகள் ஆட்டத்தில் சேரா. குறைந்த முதலை வைத்து நிமிர்ந்து எழ வேண்டும். மூன்று குழியோடு உட்கார்ந்தவர் கடைசியில் முழுப் பலகையையும் பிடித்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

செல்போன் ஆட்டத்தில் தோற்றால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், தோல்வி அழிந்துவிடும். வாழ்க்கையில் அப்படி ஒரு பொத்தான் இருக்கிறதா?

காயும் பழமும்

எதிரே ஒரு ஆள் இருந்ததுதான் பெரிய லாபம். அழுகுணி ஆட்டம் ஆடினால் உடனே பிடிப்பார்கள். சண்டை வரும். 'காய்' விடுவார்கள். ஆனால், மறுநாள் ஆடுவதற்கு ஆள் வேண்டுமே! 'பழம்' விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. சமாதானம் செய்துகொள்வது எப்படி என்று பிள்ளைகள் தாமே கற்றார்கள்.

தம்பி மிகவும் சிறியவனா? அவனை விரட்டமாட்டார்கள். 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் தோற்றாலும் கணக்கில் இல்லை. சின்னவனை விட்டுவிடாமல் இழுத்துக்கொண்டு போகும் அந்தப் பண்பை எந்தச் செல்போன் கற்றுத் தரும்?

கண்ணுக்கு வேண்டும் வெளிச்சம்

உடம்புக் கணக்கையும் பார்ப்போம். சீனாவில் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில், முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துக் கண்ணைச் சோதித்தார்கள். வெளியில் விடாத பள்ளிகளில் 100-க்கு ஏறக்குறைய 40 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30 பேருக்குத்தான்! இந்த முடிவு 2015-ல் வெளியாயிற்று. 40 நிமிட வெளிச்சத்துக்கு இவ்வளவு பலன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2 வயது ஆகாத குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்றது. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதிலும் குறைத்தால் நல்லது என்றது.

அரசாங்கங்களும் விழித்துக்கொண்டன. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல், 16 வயது ஆகாதவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. நல்லதுதான். ஆனால், சட்டம் நம் வீட்டுக்கு வந்து பிள்ளையோடு பல்லாங்குழி ஆடாதே!

அந்தக் காலம் முழுவதும் பொன் அல்ல

ஒன்றையும் மறைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பெரியவளான பெண்ணைத் தெருவில் ஆட விடவில்லை. ஒரு தெருப் பிள்ளை இன்னொரு தெருப் பிள்ளையோடு சேரக் கூடாது என்று சாதி பார்த்தார்கள். கிட்டிப்புள் பட்டுக் கண் போனவர்களும் உண்டு. அவையெல்லாம் திரும்பி வர வேண்டாம்.

செல்போனும் பேய் அல்ல. 2020-ல் கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது, பாடம் அதன் வழியாகத்தான் வந்தது. துபாயில் உழைக்கும் தகப்பனின் முகத்தை அதுதான் மகளுக்குக் காட்டுகிறது. கத்தி காய் நறுக்கவும் உதவும், கையையும் அறுக்கும். குழந்தை கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு நாம் தூங்குவதில்லை.

தெருவில் ஆட இடம் எங்கே, மோட்டார்சைக்கிள் பறக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால், பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் ஐந்து கல்லுக்கும் ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். பாண்டிக்கு மொட்டைமாடி போதும். வெயில் தாழ்ந்ததும் மாடிக்கு அழைத்துப் போனால், கண்ணுக்கு வெளிச்சமும் கிடைக்கும்.

பறித்தால் போதாது!

பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்குகிறோம். பிறகு என்ன கொடுக்கிறோம்? ஒன்றும் இல்லை! வெறுங்கை மறுபடி போனைத்தான் தேடும். கைக்கு வேலை கொடுத்தால் கை தானாக வரும். அதற்குச் சில யோசனைகள்:

சாப்பிடும்போது வீட்டில் யார் கையிலும் போன் கூடாது. இந்தச் சட்டம் அப்பாவுக்கும் உண்டு, அம்மாவுக்கும் உண்டு, தாத்தாவுக்கும் உண்டு.

இரவில் போனுக்குப் படுக்கை, கூடத்து அலமாரி. பிள்ளையின் தலையணை அல்ல.

வாரத்துக்கு ஒரு விளையாட்டு கற்றுக் கொடுங்கள். முதல் வாரம் ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, அது விழுவதற்குள் தரையில் உள்ளதில் ஒன்றை எடுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டு, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நாலும் ஒரே வாரலில்! பக்கத்துக் கல் அசைந்தால் ஆட்டம் போச்சு.

முதல் நாள் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். "போர்" என்று சொல்லும். விட்டுவிடாதீர்கள். நீங்கள் பாட்டியோடு உட்கார்ந்து ஆடுங்கள்; சிரித்து ஆடுங்கள். நாலு நாளில் பக்கத்தில் வந்து நிற்கும். "இந்தக் குழியை எடு, பாட்டி!" என்று யோசனை சொல்லும். அப்புறம் நீங்கள் எழுந்து இடம் கொடுத்தால் போதும்.

அடுத்த முறை குழம்புக்குப் புளி கரைக்கும்போது, கொட்டையைத் தூக்கி எறியாதீர்கள், தாய்மார்களே! கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். 70 சேர்ந்ததும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.