உள்ளாட்சி நிதித் தணிக்கை

உள்ளாட்சி நிதித் தணிக்கை என்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய அமைப்புகளின் வரவு செலவுகள் சட்டப்படியும் விதிப்படியும் நடந்துள்ளனவா என்று, அந்த அமைப்பைச் சாராத அலுவலர் ஒருவர் ஆராய்ந்து அறிக்கை தருவதாகும். தமிழ்நாட்டில் இந்தப் பணி மாநில நிதித்துறையின் கீழ் இயங்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையைச் சேர்ந்தது. தணிக்கையாளர் தவறைக் கண்டுபிடித்தால் பணம் திரும்பி வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவரது வேலை கேட்பதும் பதிவு செய்வதும்தான். பணத்தை மீட்பது, பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுப்பது, குறையைத் திருத்துவது ஆகியவை பெரும்பாலும் பிறர் கையில் உள்ளன. இந்த இடைவெளி எப்படி ஏற்படுகிறது என்பதைத் திருவண்ணாமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சட்ட அடிப்படை

1992ஆம் ஆண்டின் 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. இவற்றால் சேர்க்கப்பட்ட 243ஜே பிரிவு ஊராட்சிகளின் கணக்குத் தணிக்கையையும், 243இசட் பிரிவு நகராட்சிகளின் கணக்குத் தணிக்கையையும் பற்றியவை. கணக்கை எப்படி வைப்பது, யார் தணிக்கை செய்வது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யலாம் என்று இரண்டும் கூறுகின்றன. ஆகவே இந்தியா முழுமைக்கும் ஒரே முறை இல்லை.

தமிழ்நாட்டில் இத்துறை ஆங்கிலேயர் காலத்து உள்ளாட்சி நிதிக் கணக்கு ஆய்வாளர் பதவியின் தொடர்ச்சியாகும். இதற்கென்று தனிச்சட்டம் 2014இல்தான் இயற்றப்பட்டது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவருக்கும் இதில் பங்கு உண்டு. பதினோராவது நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, அவருடைய அலுவலகம் மாநிலத் தணிக்கைத் துறைக்குத் தொழில்நுட்ப வழிகாட்டுதல் வழங்குகிறது. தேர்ந்தெடுத்த சில அமைப்புகளைத் தானே நேரடியாகவும் ஆராய்கிறது.

ஓர் ஊர், பல கணக்குகள்

திருவண்ணாமலை 1886இல் நகராட்சியானது. 2024இல் சுற்றுப்புற ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. மலையைச் சுற்றிச் செல்லும் சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நகரத்தையும் அடி அண்ணாமலை போன்ற ஊர்களையும் கடந்து செல்கிறது. நடந்து போகும் அன்பருக்கு அது ஒரே பாதை. ஆனால் நெடுங்காலமாக அந்தப் பாதையோரத்துக் குப்பையும் தெருவிளக்கும் குடிநீரும் ஒரு பகுதியில் நகராட்சியின் கணக்கிலும், மறு பகுதியில் ஊராட்சிகளின் கணக்கிலும் இருந்தன.

தணிக்கையும் அப்படியே பிரிந்திருந்தது. நகராட்சியின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை முழுமையாகத் தணிக்கை செய்தது. ஊராட்சிகளின் கணக்கை நெடுங்காலம் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்த துணை வட்டார வளர்ச்சி அலுவலரே தணிக்கை செய்தார். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அவற்றில் ஒரு பகுதியை மட்டும் மறுபடியும் சோதித்துப் பார்த்தது. ஊராட்சியை வழிநடத்தும் துறையே அதைத் தணிக்கையும் செய்வது சரியா என்ற கேள்வி இந்த ஏற்பாட்டில் எப்போதும் இருந்தது.

அருணாசலேசுவரர் கோயிலின் கணக்கு முற்றிலும் தனி. அது இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருவதால், 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 87ஆவது பிரிவின்படி தணிக்கைக்கு உட்படுகிறது. கோயில் உண்டியல் பணமும் மாநகராட்சியின் வரிப்பணமும் ஒரே தெருவில் புழங்கினாலும் ஒரே கணக்கில் சேரக் கூடாது. ஒரு வேலைக்கு இரண்டு நிதியிலிருந்தும் பணம் போயிருந்தால், இரண்டு தணிக்கையாளர்களும் தத்தம் பாதியை மட்டுமே பார்க்க நேரிடும்.

தணிக்கையாளர் எதைப் பார்க்கிறார்

தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் மூன்று நிதிகள் உண்டு: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வழங்கல் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. பள்ளிக்கூடத்திற்கென்று வசூலித்த பணத்தில் சம்பளம் போட்டிருந்தால் அது தணிக்கையில் வரும். ஊராட்சிகளில் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். ஒருவர் கையொப்பம் மட்டும் இருந்தால் அதுவும் கேள்விக்கு உள்ளாகும்.

வரவுப் பக்கத்தில் முக்கியமானது கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு. எவ்வளவு வரி வரவேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்பதை அது காட்டுகிறது. பேருந்து நிலையக் கடை வாடகை, வாகன நிறுத்தக் குத்தகை, கழிப்பறைக் குத்தகை ஆகியவை யாத்திரை ஊர்களில் பெரிய வருவாய்கள். குத்தகை முடிந்த பிறகும் பழைய தொகைக்கே கடை ஓடுகிறதா, ஏலம் எடுத்தவர் பணத்தை முழுதும் கட்டினாரா என்று தணிக்கையாளர் பார்ப்பார். செலவான பணத்தைவிட வராமல் போன பணமே பல அமைப்புகளில் பெரிய இழப்பு. அதற்குப் பற்றுச்சீட்டே இருக்காது என்பதால் கண்ணில் படுவதும் கடினம்.

செலவுப் பக்கத்தில் மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, அளவுப் புத்தகம், பற்றுச்சீட்டு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சாலை 200 மீட்டர் என்று அளவுப் புத்தகம் சொல்லி, மதிப்பீடு 150 மீட்டருக்கே இருந்தால் விளக்கம் கேட்கப்படும். எல்லாவற்றிற்கும் மேலாக, ரொக்கப் புத்தகத்தின் இருப்பும் வங்கிக் கணக்கின் இருப்பும் ஒத்துப்போக வேண்டும்.

விழாக்காலச் செலவு

கார்த்திகை தீபத்திற்கும் மாதந்தோறும் பௌர்ணமிக்கும் திருவண்ணாமலையில் பெருங்கூட்டம் கூடுகிறது. தற்காலிகப் பேருந்து நிலையங்கள், கழிப்பறைகள், குடிநீர்த் தொட்டிகள், விளக்குகள், வெளியூர்களிலிருந்து வரும் தூய்மைப் பணியாளர்கள் என்று செலவுகள் சில நாட்களில் குவிகின்றன. விழா முடிந்ததும் பந்தலும் விளக்கும் அகற்றப்படும். பிறகு வரும் தணிக்கையாளருக்கு எஞ்சுவது காகிதம் மட்டுமே. நூறு கழிப்பறைகள் வைக்கப்பட்டனவா, எண்பதா என்பதை அவரால் எண்ணிப் பார்க்க இயலாது.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, இயற்கைப் பேரிடர் போன்ற நெருக்கடிகளில் வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறையிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் கார்த்திகை மாதம் ஆண்டுதோறும் வருகிறது. நாள் முன்கூட்டியே தெரிந்த விழாவை அவசரம் என்று காட்டி, ஒரே வேலையைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துக் கொடுத்தால் அது தணிக்கைத் தடைக்கு உரியது. வேலை நடக்கும்போதே அளவெடுத்து, நாளும் இடமும் தெரியும் ஒளிப்படங்களோடு பதிவு செய்து வைத்தால் நேர்மையான அலுவலருக்கே அது பாதுகாப்பு. பதிவு இல்லாவிட்டால் உண்மையாகச் செலவிட்டவரும் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

தணிக்கைத் தடையின் பயணம்

தணிக்கையாளர் முதலில் விளக்கம் கேட்டுக் குறிப்பு அனுப்புவார். பதில் நிறைவாக இருந்தால் அங்கேயே முடியும். இல்லாவிட்டால் அது அறிக்கையில் ஒரு பத்தியாக ஏறும். அதற்கு அமைப்பின் நிர்வாகம் ஆவணங்களோடு பதில் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருக்கும் பத்திகளைத் தீர்க்க இரு தரப்பும் உட்காரும் கூட்டமர்வுகள் நடத்தப்படுகின்றன.

பலவீனம் இங்கேதான். பதில் தாமதமாகும்போது பொறுப்பான எழுத்தர் இடமாறிவிடுவார், அதிகாரி ஓய்வு பெற்றுவிடுவார், ஒப்பந்ததாரர் ஊரைவிட்டே போயிருப்பார். ஊராட்சி மாநகராட்சியோடு இணையும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. பழைய ஊராட்சியின் வங்கி இருப்பு, சொத்து, வரிப் பாக்கி ஆகியவற்றோடு, தீராத தணிக்கைப் பத்திகளும் புதிய அமைப்பிடம் பட்டியலிட்டு ஒப்படைக்கப்பட வேண்டும். பெட்டியில் கட்டி வைத்த பதிவேடு ஒன்று காணாமல் போனால் கேள்வியும் அதோடு போய்விடும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலமும் இப்படிப்பட்டதே. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. திருவண்ணாமலை உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியிலும்தான் நடைபெற்றன. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். தணிக்கை தொடர்ந்தாலும், அறிக்கையை மன்றத்தில் வைத்து "இதற்கு என்ன பதில்?" என்று கேட்க உறுப்பினர் ஒருவரும் இல்லை.

தண்டத்தீர்வை

சட்டத்திற்குப் புறம்பான செலவை அதற்குக் காரணமானவரின் சொந்தப் பொறுப்பாக்கி, அவரிடமிருந்தே வசூலிப்பது தண்டத்தீர்வை. இங்கிலாந்தில் தோன்றிய இம்முறை தமிழ்நாட்டு உள்ளாட்சிச் சட்டங்களிலும் இடம்பெற்றது. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்பதால் வழக்குகள் நீள்வதுண்டு.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற வழக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தைப் பற்றியது. வாக்கு ஆதாயத்திற்காக மன்ற வீடுகள் விற்கப்பட்டன என்று 1989இல் உள்ளூர் மக்கள் தணிக்கையாளரிடம் ஆட்சேபம் தெரிவித்தனர். மன்றத்தின் முன்னாள் தலைவி ஷெர்லி போர்ட்டர் மீது 1996இல் தணிக்கையாளர் தண்டத்தீர்வை விதித்தார். 2001இல் பிரபுக்கள் அவை அதை உறுதி செய்தது. 2004இல்தான் 1 கோடியே 23 லட்சம் பவுண்டு பெறப்பட்டது. ஆட்சேபத்திற்கும் பணத்திற்கும் இடையே 15 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் 2000ஆம் ஆண்டுச் சட்டம் தண்டத்தீர்வை முறையையே அங்கு நீக்கிவிட்டது.

தணிக்கை தவறிய ஒரு நகரம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள டிக்ஸன் சுமார் 16,000 பேர் வாழும் சிறு நகரம். அதன் நிதி அலுவலர் ரீட்டா கிரண்ட்வெல், நகரத்தின் பெயரில் 1990இல் இரகசிய வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, 2012 வரை 5 கோடியே 37 லட்சம் டாலரைத் திருப்பிவிட்டார். ஆண்டுதோறும் தனியார் தணிக்கை நடந்தும் அது வெளிவரவில்லை. 2011இல் அவர் நீண்ட விடுப்பில் இருந்தபோது, நகர எழுத்தர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் விவரத்தையும் கேட்டு வாங்கியதும் உண்மை தெரிந்தது. வங்கி இருப்பை நேரடியாக வங்கியிடமே உறுதி செய்ய வேண்டும் என்ற பழைய பாடத்தை அது மீண்டும் நினைவூட்டியது.

பொதுமக்களின் பங்கு

ஊராட்சிகளில் கிராம சபை சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. வரவு செலவு அறிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் அங்கே படிக்கச் சொல்லிக் கேட்கலாம். நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகள் வகுக்கப்பட்டன. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன்படி தணிக்கை அறிக்கையின் நகலையும், ஒவ்வொரு பத்திக்கும் தரப்பட்ட பதிலையும் விண்ணப்பித்துப் பெறலாம். "ஊழல் நடந்ததா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இந்த ஆண்டு அறிக்கையின் இந்தப் பத்திக்கு எந்த நாளில் என்ன பதில் அனுப்பப்பட்டது?" என்று கேட்பதே பயன் தரும்.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான மானியங்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தது: உள்ளாட்சிகள் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளை இணையத்தில் வெளியிட வேண்டும். தணிக்கை தாமதமானால் மானியம் நிற்கக்கூடும் என்பதால் நிர்வாகத்திற்கும் அக்கறை பிறக்கிறது. ஆயினும் வெளியிடப்பட்ட கணக்கை ஒருவர் திறந்து படித்து, தீராத பத்தியைச் சுட்டிக் கேட்டால்தான் தணிக்கையாளர் எழுதி வைத்த கேள்விக்கு விடை கிடைக்கும்.